சொன்னவரை விசாரிப்பதா, சொன்னதை விசாரிப்பதா?



அஸ்தினாபுரத்தில் நாம் வசிக்கும் தெருவின் முனையில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. சங்கிலிப் பறிப்புக்கு அஞ்சித் தெருவாசிகள் பணம் சேர்த்து வைத்த கேமரா அது. நாமும் நம் பங்கைக் கொடுத்தோம். அது எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது, அதன் பதிவு யார் பொறுப்பில் உள்ளது என்பதெல்லாம் அனைவருக்கும் தெரியும். ஆகவே அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை.

அண்மையில் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் சிலர் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரிப் பட்டிமன்றத்திற்காகப் பழைய நாளேடுகளின் தலையங்கங்களைப் படித்து வந்த மாணவர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்க அரசு உலகையே ஒட்டுக் கேட்டதை ஸ்னோடென் வெளியில் சொன்னார். ஒரு பத்திரிகை அவரை நல்லவர் என்கிறது. இன்னொன்று துரோகி என்கிறது. நம் மார்க்கப்படி அவர் செய்தது சரியா, தவறா?"

பதில் சொல்ல எவரும் முந்தவில்லை. வயதில் மூத்த ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில், "தம்பி, இதையெல்லாம் ஃபோனில் பேசிவிடாதீர்கள், நேரில் மட்டும் பேசுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது ஒன்றிரண்டு பேரின் கைகள் சட்டைப் பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்ததையும் கண்டோம்.

தவறு எதுவும் செய்யாத மனிதர்கள், தவறில்லாத ஒரு கேள்விக்கு அஞ்சிய அந்தக் கணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தெரு முனைக் கேமராவுக்கு அஞ்சாத நாம் கைபேசிக்கு ஏன் அஞ்சுகிறோம்? முன்னதை நாம் அறிவோம். பின்னதற்குள் யார் இருக்கிறார், எந்தச் சட்டத்தின் பெயரால் இருக்கிறார், யாருக்குப் பதில் சொல்வார் என்பது நமக்குத் தெரியாது. மறைவாக நடக்கும் கண்காணிப்பைப் பற்றிப் பொதுமக்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் அறிகிறார்கள்: உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரை என்ன செய்வது என்பதே அந்த மாணவர் படித்த தலையங்கங்களின் வழக்கு.

முதலில் அவர் கேட்ட நிகழ்வையே பார்ப்போம். 2013 மார்ச் 12 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் அமர்ந்திருந்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்கள் திரட்டப்படுகின்றனவா என்று கேட்கப்பட்டபோது, அறிந்து அவ்வாறு செய்யவில்லை என்று அவர் பதிலளித்தார். மூன்று மாதம் கழிவதற்குள், ஜூன் முதல் வாரத்தில், எட்வர்ட் ஸ்னோடென் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் ஏடுகளில் வெளியாயின. கோடிக்கணக்கானோரின் தொலைபேசி விவரங்கள் நாள்தோறும் திரட்டப்படுவது தெரியவந்தது. தம் பதில் தவறானது என்று கிளாப்பர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அவர் மீது வழக்கு இல்லை. ஸ்னோடென் மீதோ முதல் உலகப்போர்க் காலத்து உளவுச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. அவர் இன்றும் ரஷ்யாவில் இருக்கிறார்.

2014ஆம் ஆண்டின் முதல் நாளில் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில், அவர் நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர், அவருக்குக் கருணை காட்டப்பட வேண்டும் என்று எழுதியது. அதே நாளில் கார்டியனும் அவ்வாறே எழுதியது. வாஷிங்டன் போஸ்ட் 2016 செப்டம்பரில் வேறு நிலை எடுத்தது. மன்னிப்பு கூடாது, அவர் நாடு திரும்பி வழக்கைச் சந்திக்க வேண்டும் என்பது அதன் தலையங்கத்தின் கருத்து. அவர் தந்த ஆவணங்களைக் கொண்டு அந்த ஏடு 2014இல் புலிட்சர் விருதைப் பகிர்ந்து பெற்றிருந்தது. தலையங்கம் குறைகூறிய வெளிப்பாடுகளுள் ஒன்றான பிரிசம் திட்டத்தை முதன்முதலில் வெளியிட்ட ஏடுகளில் அதுவும் ஒன்று. செய்தி எழுதுவோரும் தலையங்கம் எழுதுவோரும் தனித்தனிப் பிரிவினர் என்று அவர்கள் விளக்கம் சொல்லலாம். ஆயினும் வாசகர் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். செய்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்துவது பெரிய ஏடுகளுக்கும் நேரக்கூடியதே.

போஸ்ட் தலையங்கத்தின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஓர் அரசுக்கு உளவுத்துறை தேவை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அத்தகைய கொடுமையை முன்கூட்டியே அறிந்து தடுக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதற்கான கருவிகளும் அதற்கு வேண்டும். எல்லா இரகசியங்களையும் தெருவில் கொட்டுவது நீதியாகாது. எல்லை எங்கே என்பதே கேள்வி.

நம் மார்க்கம் இக்கேள்விக்குப் புதிதல்ல. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) தெளிவாகத் தடுக்கிறது. அந்நூர் அத்தியாயம் (24:27) அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் வீட்டில் நுழைய வேண்டாம் என்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு நிகழ்வு கூறப்படுகிறது. இரவில் நகர் வலம் வந்த அவர்கள், ஒரு வீட்டினுள் பாவம் நடப்பதாக ஐயுற்றுச் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். வீட்டுக்காரர், "நான் ஒரு தவறு செய்தேன்; தாங்கள் மூன்று தவறுகள் செய்துவிட்டீர்கள். வேவு பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இல்லை" என்ற பொருள்பட உரைத்தார். உமர் (ரலி) அதனை ஏற்று, அவரைத் தண்டிக்காமல் திரும்பினார்கள்.

வீட்டுக்காரர் பாவமற்றவர் என்று இந்நிகழ்வு சொல்லவில்லை. அவரே தம் பாவத்தை ஒப்புக்கொள்கிறார். அவர் எத்தகையவர் என்ற காரணம் காட்டி ஆட்சியாளர் தம் தவறிலிருந்து தப்பிக்கவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. இக்காலத் தலையங்கங்கள் பலவற்றில் காணாமற்போவது இந்த நேர்மைதான்.

இரகசியம் ஓர் அமானிதம் என்பதையும் மார்க்கம் சொல்கிறது. அபூதாவூதில் இடம்பெறும் ஓர் அறிவிப்பு, சபைகளில் பேசப்படுபவை அமானிதம் என்று கூறி, அநியாயக் கொலை, கற்பைச் சூறையாடுதல், உரிமையின்றிப் பிறர் பொருளைப் பறித்தல் ஆகியவற்றுக்கான சதிகளுக்கு விலக்களிக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென அறிஞர்கள் கூறியுள்ளனர். எனினும் அதன் கருத்துக்கு வலுச்சேர்க்கும் இறைவசனம் உண்டு. தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதி இழைக்கப்பட்டவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் (4:148) கருத்து. ஆக, இரகசியம் காப்பது பொதுவிதி. அநீதிக்குத் திரையாகும்போது அந்த இரகசியம் தன் மதிப்பை இழக்கிறது.

இந்த அளவுகோலுடன் நம் நாட்டுக்கு வருவோம்.

ஸ்னோடென் ஆவணங்கள் இந்தியாவையும் விடவில்லை. 2013 மார்ச் மாதத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகள் திரட்டப்பட்டதாகவும், கண்காணிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியா ஐந்தாம் இடத்தில் இருந்ததாகவும் கார்டியன் வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளேடும் இவ்வாவணங்களின் அடிப்படையில் தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. நம் அரசு என்ன செய்தது? இது உண்மையில் ஒட்டுக் கேட்பே அல்ல, அழைப்புகளின் போக்கை ஆராயும் கணினி ஆய்வுதான் என்ற கருத்தை அன்றைய வெளியுறவு அமைச்சர் கூறினார். ஸ்னோடென் கோரிய அடைக்கலத்தை ஜூலையில் இந்தியா மறுத்தது. அன்று மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி என்பதை நினைவில் கொள்க.

2021 ஜூலை 18 அன்று பெகாசஸ் செய்தி வெடித்தது. இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ தயாரித்து, அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகக் கூறும் உளவுமென்பொருள் அது. கசிந்த ஏறத்தாழ 50,000 எண்கள் கொண்ட பட்டியலில் சரிபார்க்கப்பட்ட இந்திய எண்கள் மட்டும் 300க்கு மேல். பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சியினர், ஆர்வலர்கள் எனப் பலதரப்பட்டோர் அதில் இருந்தனர். மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட தமிழகத்தவர் சிலரின் எண்களும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருப்பது மட்டுமே ஊடுருவலுக்குச் சான்றாகாது. இதனை அச்செய்தியை வெளியிட்டவர்களே எழுதினார்கள். அந்தப் பட்டியலைத் தந்தவர் யார் என்பது வெளியிடப்படவில்லை.

இம்முறை ஆட்சியில் இருந்தது பாரதிய ஜனதா. மறுநாளே நாடாளுமன்றத்தில் பேசிய தகவல் தொழில்நுட்ப அமைச்சர், இந்திய ஜனநாயகத்தைக் களங்கப்படுத்தும் முயற்சி இது என்றார். அவருடைய எண்ணும் அப்பட்டியலில் இருந்ததாகச் செய்தி வந்தது. ஆட்சிகள் மாறின, கேள்வியைத் திசைதிருப்பும் வழக்கம் மாறவில்லை. "இது உண்மையா?" என்று மக்கள் கேட்கும்போதெல்லாம், "இதைச் சொல்பவர்களின் நோக்கம் என்ன?" என்ற எதிர்க்கேள்வி வருகிறது.

பத்திரிகையாளர்களான என்.ராமும் சசிகுமாரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். வேறு பலரும் அணுகினர். 2021 அக்டோபர் 27 அன்று நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்று சொன்னவுடன் அரசுக்கு எல்லாக் கதவுகளும் திறந்துவிடா என்ற கருத்தைத் தெரிவித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. ஆய்வுக்கு வந்த 29 கைபேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீங்குநிரல் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு குறிப்பிட்டதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே கூறியது. முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. விடை தெரிந்தவர் எவரேனும் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தால், அவர் வாய் திறப்பாரா? திறந்தால் அவருக்குச் சட்டம் துணை நிற்குமா?

சத்யேந்திர துபேயின் கதை இதற்குப் பதில் தரும். தேசிய நெடுஞ்சாலைப் பணியில் இருந்த இளம் பொறியாளர் அவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை விவரித்து, தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி வேண்டி, 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் அவர் பெயருடனேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியே காரணம் என்று சிபிஐ கூறியது. நீதிமன்றத்தில் தண்டனையும் வழங்கப்பட்டது. ஆயினும் பெயரை மறைக்கக் கேட்ட ஒருவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்னும் குறை அப்படியே நிற்கிறது. தன் இரகசியங்களைக் காக்க வெள்ளையர் இயற்றிய 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டத்தை இன்றும் கையில் வைத்திருக்கும் அரசு, அவர் நம்பி ஒப்படைத்த அந்த ஓர் அமானிதத்தைக் காக்கவில்லை.

அதன் பின் எழுந்த குரல்களால், முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. இன்றுவரை அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. நடைமுறைக்கு வரும் முன்பே அதன் வரம்பைக் குறுக்கும் திருத்த மசோதா 2015இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை.

2019இல் ரஃபேல் விமான ஒப்பந்தம் தொடர்பான ஆவணங்களை என்.ராம் தி இந்து ஏட்டில் வெளியிட்டபோதும் இதே வழக்கு வேறு உருவில் வந்தது. அவை களவாடப்பட்டவை என்றும் இரகசியச் சட்டத்தின்படி குற்றம் என்றும் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது. ஆவணத்தைத் தந்தவர் யார் என்பதைச் சொல்லப்போவதில்லை என்று ராம் உறுதியாக நின்றார். ஏப்ரல் 10 அன்று அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் தள்ளி, அவ்வாவணங்களைப் பரிசீலிக்கலாம் என்றது. அவ்வாண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும், கையில் வந்த சான்றைப் படித்துப் பார்த்துத் தீர்ப்பளிப்பதே நீதிக்கு நெருக்கமானது.

அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) இதனைத்தான் நமக்குக் கற்றுத்தருகிறது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவன் தீயவன் என்பதற்காக அதைத் தூக்கி எறியுமாறு அவ்வசனம் சொல்லவில்லை. அப்படியே நம்புமாறும் சொல்லவில்லை. தீர விசாரித்துத் தெளியுமாறு சொல்கிறது. ஸ்னோடென் நல்லவரா, ரஷ்யாவுக்குப் போனது சரியா என்ற கேள்விகளுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அவை இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டியவை.

நம் சமுதாயத்திற்கு இதில் தனி அக்கறையும் உண்டு. நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களையும், முஸ்லிம் மாணவர் அமைப்புகளையும், முஸ்லிம்கள் கூடும் சிற்றுண்டிக் கடைகளையும் பல்லாண்டுகள் வேவு பார்த்ததை 2011இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் உள்ளாவணங்களின் துணையுடன் வெளியிட்டது. அதற்கெனத் தனிப் பிரிவே இருந்தது. அப்பிரிவின் வேலையால் பயங்கரவாத விசாரணைக்கான ஒரு துப்புக்கூடக் கிடைக்கவில்லை என்று அக்காவல்துறையின் உயரதிகாரியே 2012இல் சாட்சியம் அளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. உள்ளிருந்த ஆவணம் வெளியே வராதிருந்தால், அந்த மக்கள் பள்ளிவாசலுக்கு வெளியே தாழ்ந்த குரலில் பேசியபடியே காலம் கழித்திருப்பார்கள். அவர்களின் அச்சத்தை வீண் கற்பனை என்று ஊர் சொல்லியிருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டையும் மஹல்லாவையும் பார்க்காமல் முடித்தால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும்.

நம் ஜமாஅத்துகளில் கணக்கு வழக்கைப் பற்றிக் கேள்வி எழுப்பும் இளைஞருக்கு நாம் தரும் பெயர் என்ன? வக்ஃப் கடையின் வாடகை எவ்வளவு, அது எங்கே போகிறது என்று கேட்பவரை "குழப்பவாதி" என்கிறோம். "இவனுடைய தகப்பனார் யார் தெரியாதா, இவனுக்கு என்ன தகுதி?" என்கிறோம். அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் செய்வதை நாம் பள்ளிவாசல் வராந்தாவில் செய்கிறோம். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி என்ற கட்டளை (4:135) நமக்கும் இறங்கியதுதான்.

வீட்டிலும் அப்படியே. உறங்கும் மகளின் கைபேசியைத் திறந்து பார்க்கும் பெற்றோர், அடுத்தவர் வீட்டு ஒலிப்பதிவைக் குடும்பக் குழுவில் சுற்றுக்கு விடும் உறவினர், இருவர் தனித்துப் பேசியதைப் படமெடுத்து அனுப்பும் நண்பர் ஆகிய எவரும் அம்பலப்படுத்துவோர் அல்லர், வேவு பார்ப்போர். ஸ்னோடென், துபே பெயர்களை இவற்றுக்குத் துணையழைக்க இயலாது. வலியவர் செய்யும் அநீதியை எளியவருக்காக வெளிப்படுத்துவது சாட்சியம். எளியவரின் குறையை ஊருக்கு முன் விரிப்பது புறம். தம் பிள்ளைகளின் பாதுகாப்பில் பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு. அதனைத் தெரு முனைக் கேமராவைப் போல் வெளிப்படையாக, சொல்லிவிட்டே செய்யலாம்.

அந்த மாணவருக்கு அன்று சொல்லத் தவறிய பதிலை இப்போது சொல்கிறோம். தம்பி, தலையங்கம் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியான செய்தி உண்மையா என்பதை இது ஆராய்கிறதா, ஆளை மட்டும் ஆராய்கிறதா? வெளியானதில் அநீதியை வெளிப்படுத்தியது எவ்வளவு, அப்பாவிகளின் உயிரை ஆபத்தில் வைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறதா? ஆட்சியில் வேறு கட்சி இருந்திருந்தாலும் இதையே எழுதியிருக்குமா? மூன்றுக்கும் நேரான பதில் தரும் தலையங்கம், அதன் முடிவு நமக்கு உடன்பாடில்லை என்றாலும், மதிக்கத்தக்கதே. ஸ்னோடென் விஷயத்திலும் இதுவே எங்கள் பதில். மக்களை ஏமாற்றிய அநீதியை அவர் வெளிப்படுத்திய அளவுக்கு அது சாட்சியம். அதற்கு மேல் அவர் ஏதேனும் வெளியிட்டிருந்தால், அதை வெளிப்படையான நீதிமன்றம் தனியாக எடைபோடட்டும்.

அன்று உங்களை எச்சரித்த பெரியவர் அன்பினால்தான் எச்சரித்தார். அவர் தலைமுறை பட்ட பாடு அவரைப் பேச வைத்தது. ஆயினும் மௌனத்தை மட்டுமே பாதுகாப்பாக உங்களுக்குக் கொடுத்துவிட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. கேள்வியைச் சட்டத்திற்கு உட்பட்டு, நாகரிகமாக, உரக்கவே கேளுங்கள்.

உண்மையைத் தேடி அறியும் பொறுமையையும், அறிந்த பின் சாட்சி சொல்லும் துணிவையும், பிறர் மானத்தைக் காக்கும் பேணுதலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.